திறந்த நிரலும் நேர்மையான ஆட்டமும்

நுழையும்முன்

எதிரெதிரே நின்று ஆடும் ஆட்டத்தில் விதிமீறலைக் கண்ணால் காணலாம், தட்டிக் கேட்கலாம். முகமறியாதோர் கடல் கடந்து கணினிவழி ஆடும் ஆட்டத்தில் விதிமீறலை யார் காண்பது? புகழ்பெற்ற விளையாட்டு ஒன்றின் நிரல் முழுவதும் உலகின் பார்வைக்கு வைக்கப்பட்டபோது எழுந்த சிக்கலையும் அதனால் விளைந்த தெளிவையும் இப்பாடம் விளக்குகிறது.

மூலநிரலும் உரிமமும்

மென்பொருள் ஒவ்வொன்றும் நிரலர் எழுதிய கட்டளைகளால் ஆனது. மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் வடிவிலுள்ள அக்கட்டளைத் தொகுப்பே மூலநிரல் எனப்படும். அது கணினிக்குரிய இயங்குவடிவாக மாற்றப்பட்ட பின்னரே பயனர் கைக்கு வருகிறது. உண்ட சுவையைக் கொண்டு சமையற்குறிப்பை முழுதும் அறிவது எவ்வளவு கடினமோ, இயங்குவடிவத்தைக் கொண்டு மூலநிரலை அறிவதும் அவ்வளவு கடினம். எனவே, நிறுவனங்கள் பலவும் மூலநிரலைத் தம் உடைமையாகக் காத்து வந்தன.

இதற்கு மாறாக, மென்பொருளைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் அனைவர்க்கும் உரிமை வேண்டும் என்றார் அமெரிக்க நிரலர் ரிச்சர்டு ஸ்டால்மன். அவர் 1983ஆம் ஆண்டில் குனு திட்டத்தை அறிவித்தார். அதன் தொடர்ச்சியாக 1989இல் ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமம் உருவாயிற்று. இவ்வுரிமத்தின்கீழ் வெளியான நிரலைத் திருத்திப் பிறருக்கு வழங்குவோர், திருத்திய மூலநிரலையும் பெறுவோர்க்கு அளித்தல் வேண்டும்.

குவேக் கதவு திறந்தது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம், 1996 ஜூனில் 'குவேக்' என்னும் முப்பரிமாண விளையாட்டை வெளியிட்டது. இணையத்தில் பலர் கூடி ஆடுவதற்கேற்ற 'குவேக்வேர்ல்டு' என்னும் வடிவம் அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. 1999 டிசம்பர் 21 அன்று இவற்றின் மூலநிரல் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அதன் தலைமை நிரலர் ஜான் கார்மாக், பழைய நிரல் புதியோர்க்குப் பாடநூலாக அமைய வேண்டும் என விரும்பியவர்.

நிரலர்கள் மகிழ்ந்தனர், ஆடுவோரில் பலர் கலங்கினர். நிரலைத் திருத்திச் சிலர் ஏமாற்றத் தொடங்கியதே அதற்குக் காரணம். ஒருவர் சுவர்களை ஒளிபுகும் கண்ணாடி போலாக்கி, மறைந்திருப்போரைக் கண்டார். இன்னொருவர் விதி அனுமதிக்கும் வேகத்தை மீறி ஓடினார். வேறொருவரின் கணினி தானே குறிபார்த்துத் தவறாமல் சுட்டது. பல நாள் பயிற்சியால் பெற்ற திறமை, திருத்திய சில வரிகளின் முன் தோற்றது.

குறை எங்கே இருந்தது?

திறந்து வைத்ததே குற்றம் என்று சொல்வது எளிது. ஆயினும், ஏமாற்று நிரல்கள் மூலநிரல் வெளியாவதற்கு முன்பே புழங்கின. உண்மையான குறை விளையாட்டின் அமைப்பிலேயே இருந்தது.

இணையவழி ஆட்டத்தை ஒருங்கிணைக்கும் நடுவண் கணினி சேவையகம் எனப்படும். அக்காலத்தில் பலர் தொலைபேசிக் கம்பிவழியே மெதுவான இணைப்பைப் பெற்றிருந்தனர். ஒவ்வோர் அசைவுக்கும் சேவையகத்தின் விடைக்காகக் காத்திருந்தால் ஆட்டம் தடைப்படும். எனவே, ஆடுவோரின் கணினியிடமே சில பொறுப்புகள் ஒப்படைக்கப்பட்டன. ஒருவர் எவ்வளவு நேரம் நகர்ந்தார் என்னும் கணக்கை அவர் கணினியே அனுப்பியது. அவர் கண்ணுக்கு இன்னும் தெரியாத, சுவர் மறைவில் நிற்கும் எதிரியின் இருப்பிடமும் அவர் கணினிக்கு முன்னதாகவே வந்து சேர்ந்தது. தேர்வு எழுதுவோரின் மேசைமீதே விடைத்தாளை வைத்துவிட்டுப் பார்க்காதீர்கள் என்று சொல்வதற்கு இது ஒப்பாகும்.

இரு கருத்துகள்

ஆடுவோர் பயன்படுத்தும் நிரல் திருத்தப்படாததா எனச் சரிபார்க்கும் மூடிய காவல்நிரல் ஒன்றை இடையில் வைக்கலாம் என்றார் கார்மாக். ஏமாற்றுவதை முழுவதும் ஒழிக்க இயலாவிடினும், முன்பிருந்த அளவுக்கேனும் கடினமாக்கலாம் என்பது அவர் கருத்து.

திறந்த மூல இயக்கத்தின் எழுத்தாளர் எரிக் ரேமண்டு இதனை வேறு கோணத்தில் அணுகினார். நம்பத்தகாத கணினியிடம் தேவைக்கு மேற்பட்ட செய்தியை ஒப்படைத்ததே பிழை. மூடி வைத்திருந்தது அப்பிழையைக் கண்ணில் படாமல் மறைத்தது என்பது அவர் வாதம்.

இச்சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. மறைகுறி முறை ஒன்று பகைவர் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது; திறவுகோல் மட்டுமே மறைவாக இருந்தால் போதும் என்று 1883இல் ஆகஸ்டு கெர்க்காஃப்ஸ் எழுதினார். பூட்டின் அமைப்பு அனைவர்க்கும் தெரிந்தும் அது திறவாதிருக்குமாயின், அதுவே நல்ல பூட்டு.

நிரலின் எல்லை

செய்தியைச் சுருக்கி அனுப்பினால் சுவர் மறைவில் நிற்பவர் காப்பாற்றப்படுவார். சேவையகமே நேரத்தைக் கணக்கிட்டால் வேக மோசடி நிற்கும். ஆனால், கண்ணெதிரே நிற்கும் எதிரியைக் கணினி தானே குறிபார்ப்பதை இவ்வழிகளால் தடுக்க முடியாது. அவ்வெதிரியின் இருப்பிடம் ஆடுவோருக்குத் தெரிந்தே ஆகவேண்டிய செய்தியன்றோ! இங்குத் திறந்த நிரல், மூடிய நிரல் இரண்டும் ஓரளவே உதவும். உரிமமும் பகிர்வோரின் கடமையை வரையறுக்குமேயன்றி, தனியறையில் ஏமாற்றுவோரைத் தடுக்காது. அறிமுகமானோர் குழுவாக ஆடுதல், ஐயத்திற்குரிய ஆட்டத்தைப் பதிவுசெய்து ஆராய்தல், ஏமாற்றியவரை விலக்குதல் எனச் சமூகமே காவலாக வேண்டியுள்ளது.

விளைந்த பயன்

திறந்த நிரல் தீமையோடு முடிந்துவிடவில்லை. ஏமாற்றுவோர் கண்ட ஓட்டைகளை நன்னிரலரும் கண்டு அடைத்தனர். குவேக் நிரலிலிருந்து 'டார்க்பிளேசஸ்' என்னும் விளையாட்டுப் பொறி வளர்ந்தது. அதனைக் கொண்டு 2005இல் 'நெக்சுயிஸ்' முதலிய கட்டற்ற விளையாட்டுகள் பிறந்தன. எதிரி கண்ணில் படும் நிலை நெருங்கும்வரை அவரது இருப்பிடத்தை அனுப்பாதிருக்கும் முறை, 2020இல் வெளியான 'வேலரன்ட்' விளையாட்டிலும் இடம்பெற்றது. மூடிய காவல்நிரலைக் கொண்ட அவ்விளையாட்டும் மறைப்பை மட்டுமே நம்பி நிற்கவில்லை.

பிறர் காணாததால் நிலைக்கும் காவல், கண்டுவிட்டால் கலையும். அனைவரும் கண்ட பின்னும் நிலைக்குமாறு அமைப்பதே நிரலர் கடமை; நிரலால் காக்க இயலாத இடத்தில் நேர்மை காப்பது ஆடுவோர் கடமை.

தெரிந்து தெளிவோம்

குவேக் வெளியீட்டில் பொது உரிமம் பெற்றது மூலநிரல் மட்டுமே. விளையாட்டின் படங்கள், ஒலிகள், களங்கள் ஆகியவற்றின் உரிமை நிறுவனத்திடமே இருந்தது.

கற்பவை கற்றபின்

1. 'மூலநிரலைத் திறந்து வைத்தல் பாதுகாப்பைக் குறைக்கும்' என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.
2. நீங்கள் ஆடும் ஆட்டம் ஒன்றில், விதியால் காக்கப்படுவன, ஆடுவோரின் நேர்மையால் மட்டுமே காக்கப்படுவன ஆகியவற்றைப் பட்டியலிடுக.