மேஜர் சோமநாத் சர்மா

ஏவுதல் எல்லார்க்கும் எளிது. ஏவிய பணியில் தாமே முன்நின்று உழைத்தல் அரிது. அவ்வரிய பண்பினாலேயே படைத்தலைவர் தம் வீரரின் உள்ளத்தைக் கொள்கின்றார். இவ்வுண்மைக்குச் சான்றாய் விளங்கியவர் மேஜர் சோமநாத் சர்மா.

இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் 1923ஆம் ஆண்டு பிறந்த இவர், 1942இல் படையதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில் அரக்கான் களத்திற் பொருதார்.

1947 அக்டோபர் 22 அன்று, ஆயுதந் தாங்கிய பழங்குடிப் படையினர் பாகிஸ்தானிலிருந்து காஷ்மீரத்துள் புகுந்தனர். 26ஆம் நாள் காஷ்மீர மன்னர் தம் நாட்டை இந்தியாவுடன் இணைத்தார். மறுநாள் முதல் இந்தியப் படைகள் விமானங்களில் ஸ்ரீநகர் சென்று இறங்கின. படையும் பொருளும் விரைந்து வந்து சேர்வதற்கு அந்நகர் விமான நிலையமே வாயிலாயிற்று. அது பகைவர் கைப்படின், பள்ளத்தாக்கைக் காத்தல் அரிதாகும்.

அந்நாளில் சர்மாவின் இடக்கை முறிந்து மாவுக்கட்டில் இருந்தது; ஹாக்கி விளையாட்டில் நேர்ந்த ஊறு அது. எனினும், தம் வீரர் களம் செல்லத் தாம் பின்தங்குதல் தகாது எனக் கருதினார். வற்புறுத்தி இசைவு பெற்று உடன் சென்றார்.

நவம்பர் 3ஆம் நாள், விமான நிலையத்திற்கு அண்மையிலுள்ள பட்காம் என்னும் ஊரில் அவருடைய படைப்பிரிவு காவல் பூண்டிருந்தது. பகைவர் திரண்டு மூன்று புறமும் வளைத்தனர். நம்மவர் ஒருவர்க்கு அவர் எழுவராய் இருந்தனர். சர்மா சிறிதும் கலங்கினாரல்லர். குண்டுமாரிக்கிடையே வெட்டவெளியில் ஓடி, ஆங்காங்கு நின்ற வீரரை ஊக்கினார். துணைக்கு வந்த விமானங்கட்கு இலக்குக் காட்டுதற்பொருட்டு, அடையாளத் துணிகளைத் தாமே தரையில் விரித்தார். வீரர் பலர் வீழவே, இயந்திரத் துப்பாக்கிகட்குத் தோட்டா அடைப்பார் குறைந்தனர். அப்பணியையும் சர்மா மேற்கொண்டார். கட்டிட்ட கையோடு தோட்டாக்களை அடைத்துச் சுடுவோரிடம் கொண்டு சேர்த்தார்.

பகைவர் 50 கஜத் தொலைவில் நெருங்கினர். ஓரங்குலமும் பின்வாங்காது, இறுதி வீரனும் இறுதித் தோட்டாவும் உள்ளவரை போரிடுவதாகத் தலைமை நிலையத்திற்குச் செய்தி விடுத்தார். சிறிது நேரத்தில், பகைவர் எறிந்த குண்டொன்று அவர் அருகிலிருந்த வெடிமருந்தின்மீது வீழ்ந்து வெடித்தது. 24 வயதே நிரம்பிய அவ்வீரர் ஆங்கே உயிர் நீத்தார்.

தலைவர் வீழ்ந்த பின்னும் படை நிலைகுலையவில்லை. அவர் காட்டிய வழியே நின்று பொருதது. அன்று பகைவர் 6 மணி நேரம் தடுக்கப்பட்டனர். அதற்குள் துணைப்படை வந்து சேரக் காலம் வாய்த்தது. விமான நிலையம் தப்பியது.

1950இல் ஏற்படுத்தப்பட்ட பரம வீர சக்கரம் என்னும் உயரிய விருதின் முதற்சிறப்பு, அவர் மறைவுக்குப்பின் அவர்க்கே வழங்கப்பெற்றது. பிறர்க்கு இட்ட பணியைத் தாமும் செய்தவர் அவர். அதனாலேயே, அவர் இல்லாதபோதும் அவர்தம் வீரர் அப்பணியை விடாது முடித்தனர்.