மாணிக்கத்தின் பேச்சு தமிழ்மேல் கோபமா?

கேள்வி: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் மாணிக்கமும் நண்பர்களும் தமிழ்ப் பெருமையைக் கிண்டலடிக்கிறார்களே, ஆசிரியருக்குத் தமிழ்மேல் என்ன கோபம்?
– வாசகர், குளுவாங், ஜொகூர்

பதில்: கோபமில்லை, ஆதங்கம். சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம், இளவயதிலேயே பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆட்சியை நேரில் கண்டவர். அந்தப் போரில்தான் ஜொகூர் தோட்டங்களிலிருந்தும் நம்மவர்கள் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். பழம்பெருமை யாரையும் காப்பாற்றவில்லை. கிண்டலுக்கு அடியில் இருப்பது அந்த வலி. ஒன்றைக் கவனியுங்கள்: கேலி செய்கிறவர்களுக்கே பழந்தமிழ் இலக்கியம் தலைகீழ்ப் பாடம். வெறுப்பவன் அப்படிப் படிப்பானா? 1972இல் நூலாக வந்த நாவல் அது. வெற்றுப் பெருமை முழங்கும் இன்றைய மேடைகளுக்கும் அந்தப் பேச்சு தேவை. அந்தக் கிண்டல் வரும் பகுதியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.