பிரெஞ்சை மேஜராக எடுத்தவர்களுக்கு

பி.ஏ. பிரெஞ்சு வகுப்புக்கு வருபவர்களில் பலர் பிளஸ் டூவில் அந்தப் பாடத்தில் மார்க்கை அள்ளியவர்கள். தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மொத்த மதிப்பெண் ஏறும் என்று பெரியவர்கள் சொல்ல, எடுத்தவர்கள். அதில் குற்றமில்லை. ஆனால் மூன்று வருடம் அதையே படிக்கப்போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. புதுச்சேரியில் இந்தப் பாடத்தை நெடுங்காலம் நடத்தியவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன்.

1. பழைய மார்க்கை மறந்துவிடுங்கள். பள்ளியில் தெரிந்த பத்தி, தெரிந்த கடிதம், தெரிந்த கேள்வி. இங்கே முதல் செமஸ்டரில் பிரெஞ்சு வானொலியைப் போட்டால் ஒரு வாக்கியமும் பிடிபடாது. நீங்கள் மக்கு என்று அதற்கு அர்த்தமில்லை. இதுவரை கண்ணால் மட்டும் படித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

2. ஆகவே முதலில் காதைப் பழக்குங்கள். மூக்கொலி உயிர்களுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் பயப்படுவது எனக்கு வேடிக்கை. வீட்டில் ‘அவன் வந்தான்’ என்று பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள். கடைசி ‘ன்’ மூக்கிலேயே கரைந்துவிடும். அந்த ஒலி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நன்னூலில் புணர்ச்சி படித்தவர்களுக்கு ‘லியேசான்’ புதிதல்ல: ‘லே’, ‘அமி’ இரண்டும் சேர்ந்தால் ‘லெஸாமி’. எங்கே சேரக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். வீரர்களைக் குறிக்கும் ‘லே எரோ’வைச் சேர்த்துச் சொன்னால் அத்தனை வீரர்களும் பூஜ்ஜியங்களாகிவிடுவார்கள். நம் நாக்குக்கு உண்மையில் கஷ்டம் அந்த ஒற்றை ‘உய்’தான்: உதடு ‘ஊ’வுக்குக் குவிய, நாக்கு உள்ளே ‘ஈ’ சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

‘திக்தே’ என்ற சொல்வதெழுதுதலைச் சிறுபிள்ளை வேலை என்று ஒதுக்காதீர்கள். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் என்ற மூன்றுக்கும் வினைச்சொல் ‘பார்ல்’ என்றே காதில் விழும். எழுத்தில் மூன்றும் வேறு. யார் பேசுகிறார் என்று இலக்கணம் தெரியாமல் கேட்டதை எழுத முடியாது. ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரெஞ்சில் செய்தி தருகிறது. அதில் ஒரு நிமிடத்தை எடுத்துத் தினமும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

3. பெயர்ச்சொல்லை ஆர்ட்டிக்கிள் இல்லாமல் நோட்டில் எழுதவே கூடாது. மேசை ஏன் பெண்பால் என்று கேட்டுப் பொழுதைக் கழிக்க வேண்டாம். பெண்பால், எழுதிக்கொள்ளுங்கள்.

4. இரண்டாம் வருடம் ‘எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த்’ வரும். பத்துப் பதினைந்து வரியைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். பெரும்பாலானோர் கதைச் சுருக்கம் எழுதி, கடைசியில் ஒரு நீதியும் சேர்த்துக் கொடுப்பார்கள். கேட்டது அதுவல்ல. ஆசிரியர் இந்த இடத்தில் இந்தக் காலத்தை, இந்தச் சொல்வரிசையை ஏன் வைத்தார் என்பதே கேள்வி.

1942-இல் வந்த காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை நாவல் என்றால் ‘பாஸே சேம்ப்ள்’ என்ற எழுத்துவழக்கு இறந்தகாலம்தான் மரபு. காம்யு பேச்சில் வழங்கும் ‘பாஸே கோம்போஸே’யில் கதையை நடத்தினார். ஒவ்வொரு செயலும் அடுத்ததோடு ஒட்டாமல் தனித்தனியே கிடக்கிறது. மெர்சோ என்ற மனிதனும் அப்படித்தான் வாழ்கிறான். ஃப்ளோபேர் இன்னொரு வகை. ‘மதாம் பொவாரி’யில் எம்மா நினைப்பது எது, ஆசிரியர் சொல்வது எது என்று பிரிக்க முடியாதபடி வாக்கியத்தை அமைத்தார். இலக்கண வகுப்பும் இலக்கிய வகுப்பும் ஒன்று என்பது இங்கேதான் புரியும். இது புரியாமல் டிகிரி வாங்கிப்போனவர்களும் உண்டு.

5. நோட்ஸை நம்பாமல் செமஸ்டருக்கு ஒரு நூலாவது முழுதாகப் படியுங்கள். எல்லோரும் ‘குட்டி இளவரசன்’ கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கானது என்றாலும் அதிலும் பாஸே சேம்ப்ள் உண்டு, தயாராகப் போங்கள். மோப்பசான் சிறுகதைகள், பிறகு அன்னி எர்னோ. அவர் தன் தந்தையைப் பற்றி எழுதிய ‘லா ப்ளாஸ்’ சிறிய நூல், நடையும் எளியது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டாதீர்கள். வெ. ஸ்ரீராமின் தமிழ் மொழிபெயர்ப்புகளை மூலத்தைப் படித்து முடித்த பிறகு திறந்தால் அவர் எங்கே போராடியிருக்கிறார் என்று தெரியும். முன்னதாகத் திறந்தால் அது கோனார் நோட்ஸ்தான்.

6. பிரான்ஸோடு நின்றுவிடாதீர்கள். மார்த்தினீக்கின் செஸேர், அல்ஜீரியாவின் அஸ்ஸியா ஜெபார், செனெகலின் செங்கோர் எல்லோரும் பிரெஞ்சில் எழுதியவர்களே. கவிஞராகவும் குடியரசுத் தலைவராகவும் இருந்த செங்கோருக்குத் திராவிட மொழிகளில் ஆர்வம் உண்டு, தமிழறிஞர் க.ப. அறவாணன் செனெகல் தலைநகர் டாக்கரில் பணியாற்றினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தங்களை ஆண்டவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பதில் எழுதுவது எப்படி என்பதை இந்த எழுத்தாளர்களிடம்தான் படிக்க முடியும்.

7. பிரெஞ்சு மொழித் திறனுக்கான டெல்ஃப் பி2 தேர்வைப் படிப்பு முடிவதற்குள் எழுதிவிடுங்கள். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. சான்றிதழ் காலாவதி ஆகாது.

8. வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். பிரெஞ்சு மட்டும் தெரிந்தால் சென்னையில் ஏதாவது அலுவலகத்தில் இன்வாய்ஸ் பார்க்கும் வேலை கிடைக்கும். சாதாரண வணிகக் கடிதத்தை இப்போது இயந்திரமே மொழிபெயர்த்துவிடுகிறது. கூடவே கணக்கியலோ சட்டமோ வரலாறோ ஒன்று கையில் இருக்கட்டும். தமிழை விட்டுவந்தவர்கள் திரும்பிப் போய் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழில் இருக்கிறது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்கள் பிரெஞ்சில் இருக்கின்றன. இரண்டையும் மூலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. அந்த ஆளாக நீங்கள் ஏன் இருக்கக் கூடாது?

9. புதுச்சேரியில் இருந்தால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ‘சொல்தா’ குடும்பத்துப் பெரியவர்கள் பெத்தாங்க் என்ற இரும்புக் குண்டு விளையாட்டு ஆடும் இடத்துக்குப் போங்கள். பதின்மூன்று புள்ளிக்குள் அவர்கள் போடும் சண்டையில் எந்தப் பாடநூலிலும் இல்லாத பிரெஞ்சு வரும், பாதி தமிழோடு.

10. பிரான்சுப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராகச் சில மாதம் போகும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். எந்த ஊர் வேண்டும் என்று படிவத்தில் கேட்டால் பாரிஸ் என்று எழுத வேண்டாம். அங்கே நீங்கள் தடுமாறிய உடனே எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். சின்ன ஊராகப் பார்த்துக் கேளுங்கள். அங்கே ரொட்டிக் கடைக்காரம்மாவிடம் ஆங்கிலம் செல்லாது.