மழை வெள்ளத்தில் வேலைக்குப் போகும் வழியில் விபத்தா?

2021 டிசம்பர் 18 வெள்ளத்தை ஜெஞ்சாரோம் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்! அடுத்த அடைமழைக்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும் வழியில் நேரும் விபத்தும், 1969 தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு (சொக்சோ) சட்டத்தின்படி வேலை விபத்துதான். உயிர் போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு இரண்டு. இதற்கு முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை. சொக்சோ சந்தா கட்டாத முதலாளி சட்டத்தை மீறுகிறார். பே சிலிப்பில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சிக்கல் வருவது எந்த வழியில் போனீர்கள் என்பதில்தான். சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பினால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். கிள்ளான்-பந்திங் சாலையில் தண்ணீர் ஏறிச் சுற்றிப் போக நேர்ந்தால், மூடிய சாலையைப் படம் எடுத்து மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "எப்படியாவது வந்துவிடு" என்று அவர் எழுதினால், அழிக்காதீர்கள்!

போலீஸ் புகார், வழி வரைபடம், பஞ்ச் கார்டு, மருத்துவ அறிக்கை எல்லாம் தேவைப்படும். விபத்து தெரிந்த 48 மணி நேரத்தில் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் இழுத்தடித்தால் நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள்.

2019 முதல் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு; பக்கத்தில் வேலை செய்பவரிடமும் சொல்லுங்கள்.