ஓசையால் உயிர் பெற்ற உரு

திரைப்படம் காண்போர் தம் கண்களாலேயே அதனைத் துய்ப்பதாகக் கருதுவர். ஆயினும் அவர்தம் உள்ளத்தை அசைப்பதில் செவிக்குள்ள பங்கு சிறிதன்று. இரு வீரர் பொருதும் காட்சி ஒன்றை ஒலியின்றி ஓடவிட்டுப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். வாள் வீச்சு வெறுங் கோல் வீச்சாகத் தோன்றும். மார்பில் விழும் அடி சிறுவர் விளையாட்டெனப்படும். அச்சமும் வியப்பும் எழவேண்டிய இடத்தில் நகைப்பே எழும்.

போர்க் காட்சிகளைப் படம் பிடிக்கும்போது எழும் ஓசை பெரும்பாலும் பயன்படுவதில்லை. நடிகர் ஏந்தும் வாள் மரத்தாலாயதாக இருக்கலாம். இடிந்து விழும் மதில் அட்டையாலாயதாக இருக்கலாம். ஆதலின், காட்சிக்கு வேண்டிய ஓசைகளைப் பின்னர் ஒலிக்கூடத்தில் தனியே ஆக்கிச் சேர்ப்பர். நடைச்சத்தம், உடையின் சரசரப்பு முதலியவற்றைப் படத்தைப் பார்த்துக்கொண்டே எழுப்பிப் பதியும் கலைக்கு, அமெரிக்க நாட்டு ஒலிக் கலைஞர் ஜாக் ஃபோலி என்பாரின் பெயரே இன்றளவும் வழங்குகின்றது.

இக்கலையின் ஆற்றலை உலகுக்குக் காட்டிய தொடக்க காலப் படங்களுள் ஒன்று 1933-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிங் காங்’ என்பதாகும். ஆர்.கே.ஓ. நிறுவனம் வெளியிட்ட அப்படத்தை மெரியன் கூப்பர், எர்னஸ்ட் ஷோட்சாக் என்னும் இருவர் இயக்கினர். தொலைதூரத் தீவொன்றில் வாழ்ந்த மாபெருங் குரங்கைப் பிடித்து நியூயார்க் நகருக்குக் கொணர்கின்றனர். அது கட்டறுத்துக்கொண்டு, ஓர் இளம் பெண்ணைக் கையிற் பற்றியவாறு, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஏறி, வானூர்திகளின் குண்டுகளுக்கு இரையாகி வீழ்கின்றது. இதுவே அப்படத்தின் கதை.

அம் மாபெருங் குரங்கு உண்மையில் யாது? பெரும்பாலான காட்சிகளில் அது ஏறத்தாழ 18 அங்குல உயரமுள்ள பொம்மையே ஆகும். வில்லிஸ் ஓபிரையன் என்பவர் அதன் கை கால்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் படமாக எடுத்தார். ஒரு நொடி நேரக் காட்சிக்கு 24 படங்கள் வேண்டும். இவ்வாறு அரிதின் முயன்று எடுத்த காட்சிகள் அசைந்தன, ஆனால் பேசவில்லை. பொம்மைக்குக் குரல் ஏது? அதன் அடிக்கு அதிர்வு ஏது? காண்போர் அதனை அஞ்சவும் வேண்டும். இறுதியில் அதன்பொருட்டு இரங்கவும் வேண்டும். இல்லையேல் அனைவர் உழைப்பும் நகைப்புக்கிடமாய் முடியும். இப்பெரும் பொறுப்பு ஒலி அமைப்பாளர் மர்ரே ஸ்பிவாக் என்பாரையும், இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டைனர் என்பாரையும் சார்ந்தது.

ஸ்பிவாக் முதலில் குரங்கின் முழக்கத்தை ஆக்க முற்பட்டார். சிங்கமும் புலியும் எழுப்பும் முழக்கங்களைப் பதிவு செய்தார். ஆனால், அவற்றை அவ்வாறே சேர்த்தால், ‘இது சிங்கம், இது புலி’ எனக் கேட்போர் எளிதில் அறிந்துகொள்வர். ஆதலின் பதிந்த ஒலியைப் பின்னிருந்து முன்னாகவும், இயல்பான வேகத்தினும் மெதுவாகவும் ஓடச் செய்து, ஒன்றோடொன்று கலந்தார். ஒலிப்பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அதன் சுருதி ஒரு தாயி அளவு தாழும். ஒலிக்கும் நேரமோ இரு மடங்காகும். பெரிய உடலினின்று தாழ்ந்த நெடிய குரல் எழுவது இயற்கையாதலின், உலகில் எவ்விலங்கும் எழுப்பியிராத அம்முழக்கம் பொம்மையின் குரலாகவே பொருந்திற்று.

குரங்கு தன் மார்பில் அறைந்துகொள்ளும் ஓசைக்குத் தோற்கருவிகள் பொருந்தவில்லை. உயிருள்ள உடம்பின் ஓசை தோலில் எழவில்லை. ஸ்பிவாக் முரசு இயக்குவதிலும் வல்லவர். அவர் தம் உதவியாளரின் முதுகுப்புறம் ஒலிவாங்கியை வைத்து, அவர் மார்பில் முரசுக்கோலால் தட்டிப் பதிவு செய்தார். வேண்டிய ஓசை கிட்டிற்று! குரங்கின் காலடி ஓசையோ சரளைக் கல்மீது மெத்தென்ற உறையிட்ட கருவிகளை அழுத்தி எழுப்பப் பெற்றதாகும். நாயகியாக நடித்த பே ரே என்னும் நடிகையார், படப்பிடிப்பு முடிந்தபின் ஒலிக்கூடத்தில் தனியே நின்று பலவாறு அலறித் தந்தார்.

இனி இசையைக் காண்போம். ஸ்டைனர் 1888-இல் வியன்னா நகரிற் பிறந்தவர். உலகெங்கும் பொருளாதார நெருக்கடி மிகுந்திருந்த அக்காலத்தில், புதிய இசைக்குப் பணம் செலவிடப் பட நிறுவனம் தயங்கிற்று. பழைய படங்களின் இசையையே எடுத்துச் சேர்த்தாற் போதும் என்று கருதிற்று. கூப்பரோ, புதிதாக இசையமைக்குமாறும் செலவைத் தாமே ஏற்பதாகவும் கூறினார் என்பர். ஸ்டைனர் குரங்கிற்கென இறங்குமுகமான மூன்று சுரங்களைக் கொண்ட ஓர் இசைக்கூறு அமைத்தார். கேட்ட அளவிலேயே பேரச்சம் விளைக்கும் அதே கூறு, இறுதியில் மெல்லென இசைக்கப்பெறும்போது இரக்கத்தை விளைக்கின்றது. தீவின் தலைவன் படியிறங்கி வருங்கால், அவன் அடிவைப்பு ஒவ்வொன்றுக்கும் இசையும் அடியெடுத்து வைக்கின்றது.

படத்தின் உச்சக் காட்சியில் இவ்விருவர் திறமும் ஒருங்கே விளங்குகின்றது. குரங்கு கட்டடத்தின் உச்சியை அடையும்வரை இசை பெருகி வருகின்றது. வானூர்திகள் சூழ்ந்து தாக்கும் நிலையில் இசை முற்றும் அடங்கிவிடுகின்றது! பொறிகளின் இரைச்சல், துப்பாக்கிகளின் படபடப்பு, குரங்கின் சீற்றம் ஆகியவையே கேட்கின்றன. மனிதன் ஆக்கிய பொறியும் காட்டில் வளர்ந்த உயிரும் எதிர்ப்படும் அவ்விடத்தில், இடையே புகுதல் தகாது என இசை ஒதுங்கி நிற்கின்றது. குண்டுகள் பாய்ந்து குரங்கு தளரும்போது இசை மீண்டும் எழுந்து, காண்போர் நெஞ்சை உருக்குகின்றது. வலியவனாயினும் ஒலிக்கத்தக்க இடத்தில் ஒலித்து, அடங்கத்தக்க இடத்தில் அடங்குபவனே உண்மைக் கலைஞன் அல்லனோ?

இவ்விசை அப்படத்தோடு மறைந்துவிடவில்லை. 1990-களில் ஜான் மார்கன் என்பார் அதன் குறிப்புகளைத் திரட்டிச் செப்பஞ்செய்ய, வில்லியம் ஸ்ட்ராம்பெர்க் நடத்த, மாஸ்கோ நகரச் சிம்பொனி இசைக்குழுவினர் அதனை மீண்டும் இசைத்துப் பதிவு செய்தனர். ஓசைகளின் ஊடே மறைந்திருந்த நுட்பங்கள் பல இதனால் தெளிவாக வெளிப்பட்டன.

தொல்காப்பியர் உரைத்த மெய்ப்பாடுகளுள் மருட்கையும் அச்சமும் அழுகையும் உண்டு. இம்மூன்றையும் ஒரு பொம்மையின்பால் எழுப்பிய பெருமை, அதனை அசைத்த கைகளுக்கும் அதற்கு ஓசை தந்த கலைஞர்களுக்கும் ஒருங்கே உரியது. திரையில் தோன்றும் முகங்களை நாம் மறவாது போற்றுகின்றோம். திரைக்கு அப்பால் நின்று, சரளைக் கல்லையும் முரசுக்கோலையும் கொண்டு உயிரூட்டியவரையும் நினைவிற் கொள்ளுதல் நம் கடனாகும்.