கரிசல் சீமையின் குடியேற்றமும் கண்மாயும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலூகாக்கள் வானம் பார்த்த பூமியென்று பெயர் பெற்றவை. 1910இல் ஏற்பட்ட இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1985 முதல் விருதுநகர் ஜில்லாவில் அடங்கிய இப்பிரதேசத்தில் ஜீவநதி ஒன்றுமில்லை. திருச்சுழியை அடுத்தோடும் குண்டாறு மழை நாட்களில் பெருகி, மற்றைக் காலங்களில் வெறும் மணலாய்க் கிடப்பது. இத்தகைய நிலத்தில் ஜனங்கள் எவ்வாறு குடியேறி நிலைத்தார்கள் என்பதைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மழை குறைவென்று பொதுவாய்ச் சொல்லுகிறோம். வருஷத்தில் ஏறத்தாழ 30 அங்குலம் பெய்கிறது, இது அற்பமன்று. ஆனால் அதில் பெரும்பாகம் ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டி ஓடிவிடுகிறது. ஆகவே கேள்வி மழையின் அளவைப் பற்றியதன்று; பெய்த ஜலத்தை எங்கே நிறுத்துவது என்பதே.

விஜயநகர அரசும் பின்னர் மதுரை நாயக்கர் ஆட்சியும் நடந்த நூற்றாண்டுகளில், தெலுங்கு பேசும் விவசாயக் குடிகள் பலர் வடக்கேயிருந்து வந்து, முன்னரே இங்கு வாழ்ந்த தமிழ்க் குடிகளோடு கரிசற் காடுகளைத் திருத்தினர். கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் காப்பதால் பருத்தியும் கம்பும் சோளமும் அந்த ஈரத்தைக் கொண்டே விளைந்தன. கிணற்று ஜலமோ பல இடங்களில் உவர்ப்பாயிருந்தது. அதனால் குடிப்பதற்கு ஊருணியும், நெல்லுக்கும் கால்நடைக்கும் கண்மாயும் இன்றியமையாதன ஆயின.

இக்கண்மாய்கள் தனித்தனியே வெட்டப்பட்டவையல்ல. மேலூர்க் கண்மாய் நிறைந்ததும் மிகுஜலம் கலுங்கு வழியாய் இறங்கி, வரத்துக்காலில் ஓடிக் கீழூர்க் கண்மாயை நிரப்பும். இவ்வாறு ஒரே மழை பல ஊர்களுக்கு உதவிற்று. கலுங்கின் மேல் நட்ட கற்களுக்கிடையே, மழைக்காலக் கடைசியில் மட்டும், மண்ணும் தழையும் வைத்தடைத்துச் சற்று அதிகமாய் ஜலம் தேக்குவது பழைய வழக்கம். முன்கூட்டியே அடைத்தால் கரை உடையும், கீழூரும் காயும். கலுங்கை ஒரு சாண் உயர்த்துவது சிறு காரியமென்று தோன்றும். ஆனால் இரண்டூர்ப் பகைக்கு அதுவே போதும்.

இங்கே கனடா தேசத்துப் புல்வெளி மாகாணங்களை ஒப்பு நோக்கலாம். அங்கே ஆதிகுடிகளை ஒதுக்கிடங்களுக்குத் தள்ளிவிட்டு, 1872ஆம் வருஷத்துச் சட்டப்படி, 10 டாலர் கட்டணம் செலுத்திக் குறித்த காலம் குடியிருந்து உழுதவருக்கு 160 ஏக்கர் நிலம் கொடுக்கப்பட்டது. பூமி சதுரங்கப் பலகை போல் அளக்கப்பட்டதேயன்றி, ஜலத்தின் போக்கைப் பார்த்து எல்லை இடப்படவில்லை. 1930க்குப் பின் மழை பொய்த்தபோது மேல்மண் காற்றில் பறந்தது. ஏராளமான குடும்பங்கள் பண்ணைகளைக் கைவிட்டன. 1935இல்தான் அத்தேச சர்க்கார் தனி நிர்வாகம் ஒன்றை ஏற்படுத்திப் பண்ணைகளில் குட்டை வெட்ட உதவினர். நம் முன்னோர் முதலில் செய்ததை அவர்கள் கடைசியில் செய்தனர்.

ஆயினும் நாம் பெருமை கொள்வதற்கில்லை. ஊரார் கூடி உழைக்கும் குடிமராமத்தை 1858ஆம் வருஷத்துச் சட்டம் கட்டாயமாக்கியும் அவ்வழக்கம் தளர்ந்தது. ஜமீன்கள் 1948ஆம் வருஷத்துச் சட்டத்தால் நீங்கியபின், பெரிய கண்மாய்கள் பொதுப்பணி இலாகாவுக்கும் சிறியவை பஞ்சாயத்து யூனியனுக்கும் சென்றன. ஊர்களுக்கிடையே கிடக்கும் வரத்துக்காலைத் தம்முடையதென்று எண்ணுவோர் அருகினர். சீமைக்கருவேல் அதில் மண்டிற்று. குடிமராமத்து என்ற பெயரில் 2017இல் சர்க்கார் வேலைகளை மீண்டும் தொடங்கியது நல்லதே. ஆனால் கண்மாயை மாத்திரம் ஆழமாய்த் தோண்டி, வரத்துக்காலை அடைபட்டபடி விட்டால், கிடைப்பது வெறும் பள்ளம். மடைக்குக் கீழாய் ஆழப்படுத்திய ஜலம் வயலுக்கு ஏறாது என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

ஆதலால் ஆடி மாதத்தில் ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுகூடித் தம் கண்மாயிலிருந்து மேல் கண்மாயின் கலுங்கு வரையில் வரத்துக்கால் நெடுகிலும் நடந்து பார்ப்பார்களாக. எங்கே மண் மேடிட்டது, எங்கே முள் அடைத்தது, எங்கே உழவு கால்வாயைத் தின்றது என்று குறித்துக்கொண்டு, ஆவணிக்குள் அவற்றைச் செப்பனிட வேண்டும். போகும்போது மேலூராரையும் உடன் அழைத்துச் செல்க. கால்வாயின் ஒரு பகுதி அவர்கள் எல்லைக்குள் இருக்கிறது.