விளிம்பில் தேடம்மா

அன்புள்ள ரேவதிக்கு,

ஈரல் புற்றில் செல்களைப் பிணைக்கும் ஈ-கேட்ஹெரின், திசுவை அரிக்கும் எம்எம்பி-9 ஆகிய புரதங்கள் பற்றி நீ எழுதியிருக்கும் கட்டுரையை நேற்றிரவு ஒரே மூச்சில் படித்தேன். நான்காவது படம் ஒன்றுக்காகவே உன்னை உச்சிமுகரலாம். போர்ட்டல் சிரைக் கிளைக்குள் ஒரு கொத்துப் புற்றுசெல்கள், அதைச் சுற்றி மெல்லியதாக ஓர் உறை, செல்லுக்குச் செல் ஈ-கேட்ஹெரினின் பழுப்புக் கோடு அறுபடாமல் ஓடுகிறது. இவ்வளவு சுத்தமான ஸ்டெயினிங்கைப் பார்த்து வெகுகாலமாகிறது.

அப்படியொரு படத்தைப் போட்டுவிட்டு, அதன் கீழேயே ‘ஈ-கேட்ஹெரின் இழப்பே பரவலின் முதற்படி’ என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? இந்தக் கொத்து எதையும் இழக்கவில்லையே! செல்கள் பிடியை விட்டுத் தனித்தனியே நழுவுவது ஒரு வழி. ஈரலில் வேறு வழியும் உண்டு. குவாங்சோவின் சுன் யாட்-சென் பல்கலைக்கழகக் குழு 2015இல் ‘ஹெப்பட்டாலஜி’ இதழில் அதைக் காட்டியது. ரத்தக்குழாயின் உட்படலமான எண்டோதீலியம் புற்றுசெல் கொத்தைச் சுற்றி வளைத்துக்கொள்ள, கொத்து உறையோடு அப்படியே ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. செல் தன் குணத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. உன் படத்திலுள்ள உறை எண்டோதீலியம்தானா என்பதை அதற்கான சிடி34 ஸ்டெயின் சொல்லிவிடும். கட்டுரை முழுக்கத் தேடினேன், அந்தப் பெயரே இல்லை.

எனக்குக் கோபமே வந்தது செய்முறைப் பகுதியில்தான். ‘கட்டியின் மையத்திலிருந்து திசு எடுக்கப்பட்டது.’ ஊடுருவலைப் பற்றி எழுதுகிறவளுக்கு மையத்தில் என்னம்மா வேலை? அது நடப்பது விளிம்பில். சீன நோயியலாளர்களின் ஏழு புள்ளி முறை உனக்குத் தெரியாததல்ல. கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணித் திசைகளில், கட்டியும் பக்கத்து ஈரலும் பாதிக்குப் பாதி வருமாறு ஏழில் நான்கு துண்டுகளை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?

என் ஆசிரியர், கட்டியை அறுத்துப் பார்க்கும் கிராஸிங் மேசையில் கத்தியைத் தொடுமுன் கட்டியின் உறைமேல் விரலை மெல்ல ஓட்டுவார். உறை பிதுங்கிய இடம் தட்டுப்பட்டால் அங்கே குண்டூசி குத்தி வைப்பார். ‘இங்கிருந்து ஒரு பிளாக்’ என்பார், அவ்வளவுதான். எங்களிடம் அன்று ஆன்டிபாடி ஏது? ஹெச் அண்ட் இ, ரெட்டிகுலின், இரண்டே ஸ்டெயின். ஆனாலும் சிரைக்குள் ஊடுருவியிருப்பது பெரும்பாலும் அந்த ஊசி நின்ற பிளாக்கில்தான் அகப்படும். இன்று புரதத்தின் பெயர்கள் பெருகிவிட்டன. கட்டியைத் தொட்டுப் பார்க்கும் விரல்கள்தான் குறைந்துவிட்டன. இதை நான் எத்தனை கூட்டங்களில் சொன்னாலும் எனக்கு ஆறாது.

இன்னொன்று. எம்எம்பி-9க்கு 37% என்ற எல்லை எங்கிருந்து வந்தது? பி மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கும்வரை கோட்டை நகர்த்தியதுபோல் தெரிகிறது. எல்லையை எப்படி வகுத்தாய் என்று சொல்லும்படி புற்றுநோய்க் குறியீட்டு ஆய்வுகளுக்கான ரிமார்க் நெறிமுறை 2005இலேயே கேட்டிருக்கிறது. தவிர, எம்எம்பி-9ஐ நியூட்ரோஃபில்களும் மேக்ரோஃபேஜ்களும் தாராளமாகச் சுரக்கும். அவற்றையும் புற்றுசெல் கணக்கில் சேர்த்துவிட்டாயோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மெழுகு பிளாக்குகள் பத்திரமாக இருக்குமல்லவா? விளிம்பு உள்ளவற்றை மட்டும் பொறுக்கி, அடுத்தடுத்த செக்‌ஷன்களில் சிடி34ஐயும் ஈ-கேட்ஹெரினையும் போடு. அதுவரை கட்டுரையை எந்த இதழுக்கும் அனுப்பாதே. உன் வழிகாட்டி அவசரப்படுத்தினால் என் பெயரைச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். ஸ்லைடுகளைக் கூரியரில் போட வேண்டாம். நேரில் எடுத்து வா, இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.